தண்ணீர் எங்கே போகும்? பள்ளிக்கரணை கழுவெளியில் அடுக்குமாடி: தென்சென்னை மக்கள் கேட்கும் கேள்வி

"கனமழை" என்று வானிலை ஆய்வு மையம் சொல்லிவிட்டால் போதும். வேளச்சேரிக்காரர்கள் குடையைத் தேடுவதற்கு முன்னால் கார் சாவியைத் தேடுவார்கள்!

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அதுதான் நடந்தது. பலத்த மழை வரப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. மழை விழுவதற்கு முன்பே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. வீட்டு வாசலில் நின்றால் வண்டி மூழ்கிவிடும் என்ற பயம். மேம்பாலத்தில் நிறுத்தினால் போலீசார் அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு செய்தி கிளம்பியது. "அபராதம் எதுவும் போடவில்லை" என்று போலீஸ் தரப்பில் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

வெளியூர்க்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. 2015-லும் 2023-லும் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்தவர்கள் அவர்கள். மழை மேகம் கறுத்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில், மழை நீர் போய்த் தங்கும் சதுப்பு நிலத்தை ஒட்டி 1,250 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது என்றால் சும்மா இருப்பார்களா? "ஏற்கனவே இருக்கிற தண்ணிக்கே வழி இல்லே. இன்னும் கட்டினா தண்ணி எங்கே போகும்?"

இதுதான் இன்று தென்சென்னை முழுவதும் கேட்கும் கேள்வி.

கழுவெளி

நகரத்தைச் சுற்றி வீடு கட்டாமல் பச்சையாக விட்டுவைக்கும் நிலத்தைப் "பசுமை வளையம்" என்பார்கள். லண்டன் நகரம் அதற்காக 1938-ம் ஆண்டிலேயே சட்டம் போட்டது. தென்சென்னைக்கு அந்த வேலையை இயற்கையே செய்து கொடுத்திருந்தது. அதுதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலம்.

பழைய ஆட்கள் அதைச் சதுப்பு என்று சொல்வதில்லை. "கழுவெளி" என்பார்கள். மழைக்காலத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். வெயில் காலத்தில் கோரைப்புல்லும் சேறும். ஏர் ஓட்ட முடியாது. வீடு கட்டவும் அந்தக் காலத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. அதனால் சர்க்கார் கணக்கில் அது "புறம்போக்கு" ஆயிற்று. அதாவது, எதற்கும் உதவாத தரை என்று ஒரு முத்திரை.

உதவாத தரையா அது? 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நடந்த ஆய்வில் அங்கே 337 வகை உயிரினங்களும் செடிகொடிகளும் கணக்கெடுக்கப்பட்டன. பறவைகள் மட்டும் 115 வகை. மீன்கள் 46 வகை. குளிர்காலம் வந்தால் பூநாரைக் கூட்டம் வந்து இறங்கும். கூழைக்கடா, அரிவாள் மூக்கன், தாழைக்கோழி எல்லாம் உண்டு. 200 அடி ரோட்டில் பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம்.

ஒரு காலத்தில் இந்தக் கழுவெளி 5 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது என்பது ஆய்வாளர்கள் கணக்கு. இப்போது காப்புக்காடாக இருப்பது 698 ஹெக்டேர். மிச்சம் என்ன ஆயிற்று? ரோடு ஆயிற்று. ரெயில் நிலையம் ஆயிற்று. குப்பை மேடு ஆயிற்று. மனை ஆயிற்று.

வரும் வழி பல, போகும் வழி ஒன்று!

வேளச்சேரியில் ஏன் இப்படித் தண்ணீர் நிற்கிறது என்பதற்கு வேளச்சேரியில் மட்டும் பதில் தேடினால் கிடைக்காது. தாம்பரம் பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும்.

மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், மேடவாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம், பெரும்பாக்கம், ஆதம்பாக்கம், வேளச்சேரி... இத்தனை ஊர் ஏரிகளும் ஒன்றுக்கொன்று சொந்தம். மேலே உள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழே உள்ள ஏரிக்குத் தண்ணீர் இறங்கும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. கடைசியில் எல்லாத் தண்ணீரும் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை கழுவெளி. சுமார் 250 சதுர கிலோ மீட்டர் பரப்பில் பெய்யும் மழைக்கு இதுதான் வடிகால்.

வரும் வழி இத்தனை. போகும் வழி? ஒன்றே ஒன்று! ஒக்கியம் மடுவு.

ஒக்கியம் மடுவு வழியாகத் தண்ணீர் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அங்கிருந்து தெற்கே திரும்பி, முட்டுக்காடு பக்கத்தில் கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலில் விழ வேண்டும். புயல் நேரத்தில் கடலும் பொங்கிக்கொண்டு நிற்கும். "இப்போ வராதே, அப்புறம் வா" என்று தண்ணீரைத் திருப்பி அனுப்பும்.

அந்த இரண்டு மூன்று நாட்களுக்குத் தண்ணீர் எங்கேயாவது உட்கார்ந்திருக்க வேண்டாமா? அதற்குத்தான் கழுவெளி. பெரிய ஆபீசுக்கு வருகிறவர்கள் அதிகாரி கூப்பிடும் வரை உட்கார்ந்திருக்கும் வராந்தா மாதிரி. வராந்தாவை அடைத்து அறை கட்டிவிட்டால், வந்தவர்கள் உள்ளேதான் வந்து நிற்பார்கள்!

முதலில் வந்தது யார்?

கழுவெளியை விழுங்கியது தனியார் மட்டும்தான் என்று நினைத்தால் தவறு. முதல் வரிசையில் நின்றது அரசாங்கமேதான்.

1980-களின் பிற்பகுதியில் மாநகராட்சி, பெருங்குடியில் குப்பை கொட்டத் தொடங்கியது. லாரி லாரியாகக் கொட்டிக் கொட்டி 200 ஏக்கருக்கு மேல் குப்பை மலை எழுந்தது. அப்புறம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்கள். பல்லாவரத்தையும் துரைப்பாக்கத்தையும் இணைக்கும் 200 அடி ரோடு, சதுப்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. 2007-ல் பறக்கும் ரெயில் வேளச்சேரி வரை வந்தது. பழைய மாமல்லபுரம் ரோடு ஐ.டி. ரோடு ஆயிற்று.

ரோடும் ரெயிலும் வந்தால் மனை விலை சும்மா இருக்குமா? சேற்றில் சரளை கொட்டினார்கள். சரளைக்கு மேல் ரப்பீஸ் கொட்டினார்கள். அதற்கு மேல் வெள்ளைக் கல் நட்டு, பெயிண்ட் அடித்து, ஏதாவது ஒரு "நகர்" என்று போர்டு வைத்தார்கள். கோடை காலத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தரை காய்ந்து, காற்று வீசி, இடம் பிரமாதமாகத்தான் இருந்தது.

பி.எப். பணத்தையும் மனைவியின் நகையையும் போட்டு வாங்கிய குமாஸ்தாவுக்கு, அது ஏரிக்கு வாய்க்கால் போன இடம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? முதல் ஐப்பசி மழைதான் சொன்னது!

2015... 2023...

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய மழை 49 சென்டி மீட்டர். கிழக்குத் தாம்பரம் பக்கத்து ஏரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மறுகால் பாய்ந்தன. அத்தனையும் கீழே இறங்கின. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், செம்மஞ்சேரி எல்லாம் தீவாகின. மீனவர்களின் படகுகள் தெருவுக்குள் வந்து ஆட்களை மீட்டன.

8 வருடம் கழித்து, 2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி, மிச்சாங் புயல். பள்ளிக்கரணையில் ஒரு குடியிருப்பில் நின்ற கார்கள் தீப்பெட்டிகளைப் போல் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு அடித்துச் செல்லப்பட்டதை நாடே பார்த்தது. வேளச்சேரி ஐந்து பர்லாங் ரோட்டில், கட்டிடத்துக்காகத் தோண்டிய பெரும் பள்ளம் சரிந்து தண்ணீர் புகுந்ததில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். பல நாள் போராட்டத்துக்குப் பிறகுதான் உடல்கள் கிடைத்தன.

மழை நின்று வெயில் வந்தும் தண்ணீர் வடியவில்லை. மின்சாரம் இல்லை. பாலுக்கும் குடிதண்ணீருக்கும் இடுப்பளவு தண்ணீரில் நடந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு தெருவெல்லாம் நனைந்த மெத்தை, ஊறிப்போன பீரோ, குழந்தைகளின் பாடப் புத்தகம்.

கடைக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மளிகைக் கடையில் தரையோடு அடுக்கி வைத்த அரிசி மூட்டையும் சர்க்கரை மூட்டையும் போனது போனதுதான். யாரிடம் போய்க் கேட்பது?

புகையில் பிறந்த சங்கங்கள்

இந்தப் பகுதி மக்கள் ஒன்று சேரக் காரணமாக இருந்தது வெள்ளம் அல்ல, புகை! பெருங்குடி குப்பை மலை அடிக்கடி தீப்பிடிக்கும். நாள் கணக்கில் புகையும். ஜன்னலைத் திறக்க முடியாது. குழந்தைகளுக்கு இருமல், பெரியவர்களுக்கு மூச்சிரைப்பு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் 2000-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஒன்று கூடினார்கள். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள், இல்லத்தரசிகள், ஆசிரியர்கள், பறவை பார்க்க வருகிறவர்கள்.

மனு மேல் மனு போட்டார்கள். ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினார்கள். கோர்ட்டுக்கும் போனார்கள். குப்பையை எதிர்த்துத் தொடங்கியவர்கள், போகப் போக ஒன்றைப் புரிந்துகொண்டார்கள். குப்பை கொட்டும் இடம் வெறும் மைதானம் அல்ல, தங்கள் வீட்டுத் தண்ணீர் வடிய வேண்டிய இடம் என்பதுதான் அது.

பலன் கிடைத்தது. 2007-ம் ஆண்டு கழுவெளியின் 317 ஹெக்டேர் நிலம் வனத்துறை வசம் காப்புக்காடாக வந்தது. பிறகு படிப்படியாகப் பரப்பு கூடியது. 2021-ல் 200 அடி ரோட்டு ஓரம் சூழலியல் பூங்கா திறக்கப்பட்டது. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் பறவைகளையும் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

2022-ம் ஆண்டு பெரிய கவுரவம் வந்தது. ஈரான் நாட்டின் ராம்சார் நகரத்தில் 1971-ல் கையெழுத்தான சர்வதேச ஒப்பந்தப்படி, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் பட்டியலில் பள்ளிக்கரணை சேர்க்கப்பட்டது. பரப்பு: 1,247.54 ஹெக்டேர்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது!

கோடு எங்கே?

காப்புக்காடு 698 ஹெக்டேர். ராம்சார் பட்டியலில் சொன்னது சுமார் 1,248 ஹெக்டேர். நடுவில் 550 ஹெக்டேர் இருக்கிறதே, அது எது? எந்த சர்வே எண்ணில் தொடங்கி எந்த சர்வே எண்ணில் முடிகிறது? வரைபடத்தில் கோடு இருக்கிறது. தரையில் கல் இல்லை!

இந்த நிலையில்தான் 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அறப்போர் இயக்கம் ஒரு குற்றச்சாட்டைக் கிளப்பியது. பெரும்பாக்கத்தில் ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் 1,250 வீடுகள் கட்ட, சுற்றுச்சூழல் அனுமதியும் சி.எம்.டி.ஏ. அனுமதியும் அந்த ஆண்டு ஜனவரி மாதம் கொடுக்கப்பட்டு இருக்கின்றன. அந்த இடம் ராம்சார் எல்லைக்குள் வருகிறது என்பது குற்றச்சாட்டு. ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017-ம் ஆண்டிலேயே வந்துவிட்டன. ஈரநிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றக்கூடாது, ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக்கூடாது, வெள்ள மட்டத்தில் இருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டிடம் கூடாது என்று அதில் இருக்கிறது. அப்படி இருக்க, அனுமதி எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

எதிர்த்தரப்பும் பதில் சொன்னது. அது தனியாருக்குச் சொந்தமான பட்டா நிலம். காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது. ராம்சார் பகுதியில் காப்புக்காடு போக மிச்சமுள்ள இடத்தை நேரில் அளந்து எல்லை குறிக்கும் வேலை நடக்கிறது. விதிப்படிதான் அனுமதி தரப்பட்டது என்றது அரசுத் தரப்பு. கட்டுமான நிறுவனமும் தன்னிடம் எல்லா அனுமதியும் இருக்கிறது என்றது.

விவகாரம் ஐகோர்ட்டுக்குப் போனது. பொதுநல வழக்கை விசாரித்த சென்னை ஐகோர்ட்டு, 2025-ம் ஆண்டு அக்டோபர் 31-ந்தேதி அங்கே கட்டுமானப் பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏரியாவில் பெரும் பரபரப்பு!

அதற்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பரில், தேசிய பசுமை தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இன்னொரு உத்தரவு போட்டிருந்தது. சதுப்பு நிலத்தின் பாதிப்பு எல்லை எதுவரை என்று விஞ்ஞான முறையில் ஆய்வு செய்து முடிக்கும்வரை, ராம்சார் பகுதியிலும் அதைச் சுற்றி ஒரு கிலோ மீட்டர் தூரத்திலும் புதிய கட்டிட அனுமதி தரக்கூடாது என்பது உத்தரவு.

சின்ன மனைக்காரர் கதி

ஒரு கிலோ மீட்டர் என்பது கேட்பதற்குச் சின்னத் தூரம். மெயின் ரோட்டில் நடந்தால் பதினைந்து நிமிஷம். ஆனால் அந்த ஒரு கிலோ மீட்டருக்குள் எத்தனை தெரு, எத்தனை மனை!

கட்டுமானத் துறையினர் உடனே குரல் எழுப்பினார்கள். போட்ட முதலீடு முடங்கும், வீடு புக் செய்தவர்கள் தவிப்பார்கள் என்றார்கள். அவர்கள் பெரிய ஆட்கள், வக்கீல் வைத்துப் பேசுவார்கள். அரை கிரவுண்டு வாங்கிப் போட்டுவிட்டு, பெண் கல்யாணத்துக்குப் பிறகு கட்டலாம் என்று காத்திருந்தவர் என்ன செய்வார்? சுற்றிலும் வீடுகள், நடுவில் அவர் மனை மட்டும் காலி. "இருபது வருஷமா பக்கத்துல எல்லாம் கட்டிட்டாங்க. என் முறை வரும்போதுதானா சட்டம் வரணும்?" என்ற ஆதங்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. எதிர்ப்புத் தெரிவிக்கிறவர்களில் பலர் அதே கழுவெளி ஓரத்தில் வீடு கட்டி இருப்பவர்கள்தானே? தாங்கள் உள்ளே வந்த பிறகு கதவைச் சாத்துவது என்ன நியாயம்? பஸ்சில் இடம் பிடித்து உட்கார்ந்தவர், படியில் தொங்குகிறவரைப் பார்த்து "இடம் இல்லை, இறங்கு" என்று சொல்வது மாதிரி அல்லவா?

கேள்வி சுருக்கென்று தைக்கிறது. சங்கத்துக்காரர்களும் இதைக் கேட்காதவர்கள் அல்ல. அவர்கள் தரப்பு இதுதான்: தெரியாமல் வாங்கினோம். விவரம் அப்போது யாரும் சொல்லவில்லை. வெள்ளத்தில் அனுபவித்துத் தெரிந்துகொண்டோம். தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தால், புதிதாக வருகிறவனும் மூழ்குவான், நாங்களும் சேர்ந்து மூழ்குவோம். பஸ் பாரம் தாங்காமல் சாய்கிறது என்று உள்ளே இருக்கிறவன்தானே முதலில் கத்துவான்?

லாரிக் கணக்கு

இது வெறும் வாய்ப்பேச்சு அல்ல என்பதற்குக் கணக்கு இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஏக்கர் தாழ்வான நிலத்தில் ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது 12 லட்சத்து 33 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 100 லாரிக்கு மேல் வேண்டும்.

அந்த நிலம் 10 ஏக்கர் என்றும், அதில் 3 அடி மண் கொட்டி மேடாக்கினார்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 3 கோடியே 70 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும் இடம் போயிற்று. 3 ஆயிரம் லாரித் தண்ணீர்! அந்தத் தண்ணீர் பெய்யாமல் போய்விடாது. அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். புதுக் கட்டிடம் உயரமாக நிற்கும். 1990-களில் கட்டிய பழைய வீடு, ரோடு உயர உயர ஏற்கனவே பள்ளத்தில் கிடக்கிறது. தண்ணீர் அங்கேதான் நுழையும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி கட்டுகிறோம், வடிகால் போடுகிறோம் என்று கட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். தொட்டி கொஞ்சம் பிடிக்கும். வடிகால் தண்ணீரைக் கொண்டுபோய்த்தான் விடும். கொண்டுபோய் விடும் இடமே நிரம்பி வழியும்போது வடிகால் என்ன செய்யும்?

கோடைக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019-ம் ஆண்டு சென்னையின் ஏரிகள் வறண்டபோது, இதே ஐ.டி. ரோட்டில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். டிசம்பரில் தண்ணீரைத் துரத்துவது, மே மாதத்தில் அதே தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குவது! தண்ணீர் தங்கி நிலத்தில் இறங்கும் கழுவெளி இருந்தால்தான் போர் தண்ணீரும் கிடைக்கும்.

ஏழைகள் வீடு

இந்தக் கதையில் குரல் எடுபடாத இன்னொரு கூட்டமும் இருக்கிறது.

கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை, "இங்கே வெள்ள அபாயம்" என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். கொண்டுபோய் வைத்த இடம் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி! பெரும்பாக்கத்தில் மட்டும் 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அடுக்குமாடியாக எழும்பின. வெள்ளத்துக்குப் பயந்து ஆற்றங்கரையில் இருந்து எடுத்து, கழுவெளி விளிம்பில் வைத்தார்கள். மழை வந்தால் கீழ்த்தளத்தில் தண்ணீர். வேலைக்குப் போக ரோடு இல்லை.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சென்னைக்கு வீடு வேண்டும், நிறைய வேண்டும். வாடகை கொடுத்தே தேய்ந்து போகிற குடும்பங்கள் ஆயிரம் ஆயிரம். ஆனால் வீடு என்பது மழையில் நனையாமல் இருப்பதற்கு. மழை வந்தால் வீட்டை விட்டு ஓட வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வீடா?

வாங்குவதற்கு முன்...

தென்சென்னையில் மனையோ பிளாட்டோ வாங்க நினைப்பவர்களுக்கு, அடிபட்டவர்கள் சொல்லும் புத்திமதி இது.

வில்லங்கச் சான்றிதழ் பார்த்தால் மட்டும் போதாது. அது, இடத்தை யார் யாருக்கு விற்றார் என்றுதான் சொல்லும். அங்கே தண்ணீர் நின்றதா என்று சொல்லாது. கிராமக் கணக்கில் "ஏ" பதிவேடு என்று ஒன்று உண்டு. அந்த சர்வே எண் ஒரு காலத்தில் ஏரியா, வாய்க்காலா, மேய்ச்சல் புறம்போக்கா, கழுவெளியா என்று அதில் இருக்கும். கிராம வரைபடத்தையும் புல வரைபடத்தையும் வைத்துப் பார்த்தால், பக்கத்தில் வாய்க்கால் ஓடியதா என்று தெரிந்துவிடும்.

சி.எம்.டி.ஏ. அனுமதி எண், ரெரா பதிவு எண் இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். அதோடு நிற்கக் கூடாது. அனுமதி கையில் இருந்தும் வழக்கு வந்து வேலை நின்றதை 2025-ல் ஊரே பார்த்தது. ராம்சார் பகுதியில் இருந்து எத்தனை தூரம் என்று எழுத்து மூலம் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட சுலபமான வழி ஒன்று இருக்கிறது. இடத்தைக் கோடையில் பார்க்கக் கூடாது. கார்த்திகை மாதம் மழை பெய்த மறுநாள் போய்ப் பார்க்க வேண்டும். பக்கத்து டீக்கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே, "அண்ணே, 2015-ல இங்கே தண்ணி எவ்வளவு நின்னுது?" என்று கேட்டால் போதும். கடைக்காரர் சுவரைத் தொட்டுக் காட்டுவார். அதைவிட நம்பகமான பத்திரம் எந்த ஆபீசிலும் கிடைக்காது!

கல் நடுங்கள்!

மக்கள் கேட்பது பெரிய விஷயம் அல்ல.

ராம்சார் எல்லை எது என்று அளந்து, சர்வே எண்ணோடு பட்டியல் போட்டு, தரையில் கல் நட வேண்டும். அந்தப் பட்டியலை ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். கல்லுக்கு உள்ளே யாராக இருந்தாலும் கட்டக்கூடாது, அரசாங்கமும்தான். உள்ளே பட்டா வைத்திருக்கும் சின்ன ஆட்களுக்கு மாற்று இடமோ நியாயமான விலையோ கொடுக்க வேண்டும். கல்லுக்கு வெளியே என்ன நிபந்தனையோடு கட்டலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆய்வு முடியும் வரை, முடியும் வரை என்று இழுத்துக்கொண்டே போனால் பெரிய கம்பெனி தாங்கும். அரை கிரவுண்டுக்காரர் தாங்க மாட்டார். ஒக்கியம் மடுவில் தூர் வாரி, அகலப்படுத்தித் தண்ணீருக்கு வழிவிட வேண்டும்.

கோடு தெரியாத வரைக்கும் எல்லாருக்கும் சங்கடம். வாங்குகிறவன் ஏமாறுவான். கட்டுகிறவன் கோர்ட்டு படி ஏறுவான். ஏற்கனவே குடியிருக்கிறவன் ராத்திரியெல்லாம் விழித்திருப்பான்.

ஐப்பசி வருடா வருடம் வரும். கோர்ட்டில் வாய்தா இருக்கிறது என்பதற்காகப் பெய்யாமல் இருக்காது. மழை எச்சரிக்கை வந்தால் காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தி விடலாம்.

வீட்டை எங்கே ஏற்றி நிறுத்துவது?